ஒரு குத்து மிச்சம்

எங்கள் கேஷுவாலிட்டியில் மருந்து அலமாரியின் இரண்டாவது தட்டில் ஆறு பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக இருக்கும். கல்யாண வீட்டில் பலகாரம் போட்டுக் கொடுப்பார்களே, அந்த அளவு டப்பா. மூடியில் மார்க்கரால் 'கல்ச்சர்' என்றும், அதன் கீழே 'வேற எதுக்கும் எடுக்காதீங்க' என்றும் என் கையெழுத்தில் எழுதியிருக்கும். எடுத்துவிடுவார்கள், அது வேறு கதை. கல்ச்சர் என்றால், ரத்தத்தைப் பாட்டிலில் எடுத்து அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். இந்த டப்பா எப்படி வந்தது என்று எழுதச் சொல்லி ஜூனியர் பெண் ஒருத்தி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதில் என் தப்பு ஒன்று இருப்பதால் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

நான் தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். 14 வருஷ சர்வீஸ், அதில் 9 வருஷம் கேஷுவாலிட்டி. எங்களுக்குக் கூட்டம் நாலு பக்கமிருந்தும் வரும். நாலு வழிச் சாலையில், அதுவும் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி பிரேக் பிடிக்காமல் போனால் ஒரே நேரத்தில் நாலைந்து பேர் வந்து இறங்குவார்கள். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்திலிருந்து காய்ச்சல்காரர்கள். காய்ச்சல்காரர்களைத்தான் நாங்கள் ஓரமாகப் படுக்க வைப்போம். ரத்தம் கொட்டுகிறவனைப் பார்த்துவிட்டு வந்துதானே காய்ச்சல்காரரைப் பார்க்க முடியும்.

அன்றைக்கும் அப்படித்தான். ராத்திரி ரெண்டு மணி. கணவாயிலிருந்து இரண்டு கேஸ். ஒருவருக்குத் தொடை எலும்பு வெளியே தெரிகிறது. அதே நேரத்தில் பென்னாகரம் பக்கத்து மலையடிவார ஊரிலிருந்து ஒரு பெரியவரை ஆம்னி வேனில் கொண்டு வந்தார்கள். 65 வயசிருக்கும். ஆடு மேய்ப்பவர். ஐந்து நாளாகக் குளிர்காய்ச்சல், பிரஷர் 90-க்குக் கீழே. கட்டில் கடகடவென்று ஆடுகிற அளவுக்கு நடுக்கம். டியூட்டி டாக்டர் போகிற போக்கில், "சிஸ்டர், கல்ச்சர் எடுத்துட்டு ஆன்டிபயாடிக் போட்டுடுங்க" என்றார்.

வெயில் குடித்துக் குடித்துப் புளியமரப் பட்டை மாதிரி ஆகியிருந்த தோல். நீர் வற்றி நரம்பு ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை இடது முன்கையில் வென்ஃப்ளான், அதாவது ட்ரிப்ஸுக்காக நரம்பில் விட்டுவைக்கிற குழாய், ஏறியது. ஏறிய சந்தோஷத்தில் அதிலேயே சிரிஞ்சைப் போட்டு ரத்தத்தை இழுத்து, இரண்டு கல்ச்சர் பாட்டிலிலும் ஆளுக்கு நாலு மில்லி மாதிரி விட்டேன். பிறகு அதே வென்ஃப்ளானில் ட்ரிப்ஸ். பெரியவருக்கு இன்னொரு குத்து மிச்சம் என்று நினைத்தேன். அந்த நிமிஷத்தில் அது இரக்கமாகத்தான் தோன்றியது. பக்கத்தில் நின்ற அவர் சம்சாரம்கூட, "போதும் தாயி, இதுக்கு மேல குத்தாதீங்க" என்றார்.

மூன்றாம் நாள் விடியற்காலை லேபிலிருந்து வார்டுக்குப் போன். ஒரு பாட்டிலில் கிருமி வளர்ந்ததாக மெஷின் கத்திவிட்டது, கிராம் பாசிட்டிவ் காக்கை, அதாவது உருண்டைக் கிருமிகள், கொத்துக் கொத்தாக. வார்டுப் பெண் போனில் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாளாம். வெளியே உட்கார்ந்திருந்த பெரியவர் மகனுக்குக் 'காக்கை' மட்டும் காதில் விழுந்து, "காக்கான்றாங்களே, சகுனம் சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார். அப்புறம் இது எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரச் சிரிப்பு. அந்த ஆள் கேட்டதில் தப்பே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. சகுனம் சரியில்லைதான்.

கொத்துக் கொத்தாக என்றால் ஸ்டஃபைலோகாக்கஸ் வகை. அதில் ஆளைக் கொல்கிற ஆரியஸும் உண்டு, நம் எல்லோர் தோலிலும் சும்மா குடியிருக்கிற எபிடெர்மிடிஸ் மாதிரியானவையும் உண்டு. முதல் நாள் மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எது என்று பிரித்துச் சொல்ல எங்கள் லேபில் இன்னும் ஒரு நாள் ஆகும். பிரஷர் இறங்கிய ஆளுக்கு அந்த ஒரு நாளை எந்த டாக்டர் சும்மா விடுவார்? வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். தப்பு, நான் கொடுத்தனுப்பிய ரத்தத்தில்.

மறுநாள் பெயர் தெரிந்தது. தோல் கிருமி. இரண்டில் ஒரு பாட்டிலில் மட்டும். 'காண்டாமினேஷனாக இருக்கலாம்' என்று ரிப்போர்ட், அதாவது எடுக்கும்போது வெளியிலிருந்து கலந்ததாக இருக்கலாம். இருக்கலாம் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு மருந்தை நிறுத்த யாருக்கும் தைரியம் வராது. மறுபடி இரண்டு கையிலும் கல்ச்சர் எடுத்து, அது வருகிற வரைக்கும் வான்கோமைசின் ஓடட்டும் என்றார்கள். அது வேகமாக விடுகிற மருந்தும் இல்லை. ஒரு கிராமுக்கு ஒரு மணி நேரமாவது ஆக வேண்டும், அவசரப்பட்டால் முகம் கழுத்தெல்லாம் சிவந்து அரிக்கும். கிட்னியையும் கவனிக்க வேண்டும். கவனித்தோம். கிட்னி திணறுவதைக் காட்டுகிற கிரியாட்டினின் ஏறியது. காய்ச்சல் இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் ஆயா உடம்பு துடைத்துவிடும்போது, அரைஞாண் கயிற்றை நகர்த்தியிருக்கிறார். கயிறு பதிகிற இடத்தில், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலியில்லை என்பதால் பெரியவர் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்க்ரப் டைஃபஸ். புதரில் இருக்கிற உண்ணிக்குஞ்சு கடித்து வருகிற காய்ச்சல். அந்தக் கிருமி செல்லுக்குள்ளேதான் வளரும், கல்ச்சர் பாட்டிலில் எத்தனை நாள் வைத்தாலும் வராது. டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள். ஒன்றரை நாளில் காய்ச்சல் விட்டது. ஆனால் கிட்னி தேறுகிற வரை வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. பதினோராம் நாள் டிஸ்சார்ஜ். பில் கட்ட அந்த அம்மாவின் காதில் இருந்தது அடகுக் கடைக்குப் போயிற்று. அடுத்த முறை பார்த்தபோது காதில் வேப்பங்குச்சி.

ஆடு மேய்க்கிற ஆளுக்கு ஐந்து நாள் காய்ச்சல் என்றால் உடம்பெங்கும் பொருக்கு தேடுவது எங்கள் டாக்டர்களுக்குத் தெரியாததில்லை. வழக்கமாகத் தேடுவார்கள். இந்தத் தடவை தேடவில்லை, ஏனென்றால் கையில் பதில் இருந்தது. ரத்தத்தில் கிருமி என்று லேபே சொன்ன பிறகு யார் அரைஞாண் கயிற்றைத் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள்? ஒன்றும் வளரவில்லை என்று வந்திருந்தால் மூன்றாம் நாளே தேடியிருப்பார்கள். வீண் மருந்து, வீண் பில்லை எல்லோரும் சொல்வார்கள். 1991-லேயே ஒரு அமெரிக்க ஆய்வில், இப்படித் தவறாக பாசிட்டிவ் ஆன கல்ச்சரால் ஊசிவழி ஆன்டிபயாடிக் செலவு 39 சதவீதம் கூடுகிறது என்று கணக்குக் காட்டிவிட்டார்கள். என்னை உறுத்துவது அந்தச் செலவு இல்லை. பொய்ப் பதில் ஒன்று தேடுகிற கண்ணைக் கட்டிவிடுகிறதே, அதுதான்.

லேபில் மைக்ரோபயாலஜி பார்க்கிறவர் ஓசூர்ப் பக்கத்து ஆள். தெலுங்கு வாடையோடு மெதுவாகப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாக. அந்தப் பெரியவர் டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் கேஷுவாலிட்டிக்கு வந்து, "அன்னிக்கு நைட்டு எடுத்தது யாரு சிஸ்டர்?" என்றார்.

"நான்தாங்கண்ணா."

"வென்ஃப்ளான்லயா?"

பதில் சொல்லாமல் நின்றேன்.

"ரெண்டு பாட்டில் போட்டீங்க, சரி. ஒரே குத்துல எடுத்து ரெண்டுல ஊத்தினா அது ரெண்டு சாட்சி இல்லீங்க சிஸ்டர். ஒரே சாட்சி ரெண்டு எடத்துல கையெழுத்துப் போட்ட மாதிரி."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவர் கையோடு, கிருமி வளர்த்துப் பார்க்கிற ரத்த அகார் தட்டு நாலு கொண்டு வந்திருந்தார். "வழக்கமா எப்படி எடுப்பீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றார். ட்ரெயினி பையன் ஒருவனைக் கை நீட்டச் சொல்லி, டூர்னிகெட் கட்டி, கிளவுஸ் போட்டு, கிண்ணத்திலிருந்து ஸ்பிரிட் பஞ்சு எடுத்துத் துடைத்து, நரம்பு எங்கே என்று விரலால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். "நில்லுங்க" என்றார். அமுக்கிய அந்த விரலை முதல் தட்டில் ஒற்றச் சொன்னார். துடைத்த தோலில் ஈரக் குச்சியால் தடவி இரண்டாவதில். ஸ்பிரிட் கிண்ணத்திலிருந்து ஒரு பஞ்சைப் பிழிந்து மூன்றாவதில். கல்ச்சர் பாட்டிலின் மேல்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பரைத் துடைக்காமல் அப்படியே தடவி நாலாவதில்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். முதல் தட்டில் என் விரல் ரேகை வடிவத்திலேயே சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், ஜவ்வரிசி சிந்தின மாதிரி. இரண்டாவதில் கொஞ்சம் குறைவு, ஆனால் இருந்தது. நாலாவதில் ஒன்றிரண்டு. மூன்றாவது தட்டைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஸ்பிரிட்டில் கிருமியா! பெரிசாக, சாம்பல் நிறத்தில், ஓரம் கிழிந்த அப்பளம் மாதிரி இரண்டு படர்ந்திருந்தன. பேசில்லஸ் வகை. மண்ணில், தூசியில், துணியில் எங்கும் இருப்பது. அது விதை மாதிரி ஓடு கட்டிக்கொண்டு கிடக்கும், அந்த ஓட்டை ஸ்பிரிட் உடைக்காது. நாங்கள் கிண்ணத்தில் ஸ்பிரிட் குறையக் குறைய மேலே ஊற்றிக்கொண்டே இருப்போம். பஞ்சைக் கையாலேயே பிய்த்துப் போடுவோம், கையாலேயே எடுப்போம். அந்தக் கிண்ணத்தைக் கடைசியாக எப்போது கழுவி ஆட்டோகிளேவ் செய்தோம் என்று யோசித்தேன். தீபாவளிக்கு மொத்தமாக அலம்பியது ஞாபகம் வந்தது. நாங்கள் சுத்தம் என்று நினைத்துக் கையில் எடுத்ததே அழுக்கு.

கிண்ணத்தை அன்றைக்கே ஒழித்தோம். இப்போது தனித்தனி உறையில் வருகிற துடைப்பான்தான். 2 சதவீதம் குளோர்ஹெக்ஸிடின், 70 சதவீத ஆல்கஹாலில். 30 விநாடி அழுத்தித் தேய்க்க வேண்டும், 30 விநாடி காய விட வேண்டும். பீட்டாடின் என்றால் இன்னும் அதிகம், ஒன்றரை இரண்டு நிமிஷம். காய்வது சும்மா சம்பிரதாயம் இல்லை. தேய்க்கிறோமே, மருந்து வேலை செய்வதே அது தோலில் இருந்து காய்கிற நேரத்தில்தான். இந்த 30 விநாடியைத்தான் கேஷுவாலிட்டியில் யாராலும் பொறுக்க முடியாது. ஊதிக் காய வைத்த ஆளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாயால் ஊதி! அதைவிடத் துடைக்காமலே எடுக்கலாம். கையால் விசிறுவார்கள், உலர்ந்த பஞ்சால் ஒற்றுவார்கள். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தேய்த்து முடித்ததும் கேள்வி கேட்க ஆரம்பிப்பேன். பேர் என்ன, எந்த ஊர், காய்ச்சல் எத்தனை நாளாக, வெளியே மாத்திரை எதுவும் சாப்பிட்டீர்களா, சுகர் இருக்கா. எப்படியும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். பதில் வந்து முடிவதற்குள் கை காய்ந்திருக்கும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஊர் பெயர் கேட்டால் அந்த ஊருக்கு பஸ் போகும் வழியையும் சேர்த்துச் சொல்கிற வழக்கம் உண்டு, அதனால் நேரம் தாராளமாகவே கிடைக்கும்.

துடைத்த பிறகு விரல் வைக்கக் கூடாது. இது நர்சிங் முதல் வருஷப் பாடம். ஆனால் நரம்பு தெரியாத கையில் 14 வருஷப் பழக்கம் விரலைத் தானாக அங்கே கொண்டு போகும். அதனால் துடைப்பதற்கு முன்பே நரம்பைத் தேடி, தோலின் மேல் ஒரு மச்சமோ தழும்போ பார்த்து அடையாளம் வைத்துக்கொள்கிறேன். தொட்டே ஆக வேண்டும் என்றால் ஸ்டெரைல் கிளவுஸ். சாதாரணப் பெட்டிக் கிளவுஸ் நம் கையைக் காப்பாற்றத்தான், நோயாளியின் ரத்தத்தை இல்லை.

மாங்காய் சீசனில் இன்னொரு தொல்லை. காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரிப் பக்கம் லோடு ஏற்றுகிற ஆட்கள் வருவார்கள், முழங்கை வரை மாம்பால் கறுத்து ஒட்டியிருக்கும். அதன் மேல் எந்த மருந்தைத் தேய்த்தும் பிரயோஜனம் இல்லை. முதலில் சோப்புத் தண்ணீர். இதை எந்த வழிகாட்டியிலும் மாம்பால் என்று போட்டு நான் பார்த்ததில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியும் அழுக்கை முதலில் கழுவு என்று எல்லாவற்றிலும் உண்டு.

பாட்டில் ரப்பரை ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், மூடியைக் கழற்றினால் உள்ளே சுத்தமாக இருக்கும் என்று நம்பக் கூடாது. எடுத்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. இதெல்லாம் சொன்னவுடன் பிடித்துக்கொண்டார்கள்.

பிடித்துக்கொள்ளாதது இரண்டாவது குத்துதான். பெரியவர்களுக்கு ஒரு கையில் 20 மில்லி, பாட்டிலுக்குப் பத்தாக. அப்புறம் வேறு இடத்தில் புதிதாகக் குத்தி இன்னொரு 20. வென்ஃப்ளானில் எடுக்கக் கூடாது. இரண்டு இடத்திலும் ஒரே கிருமி வளர்ந்தால் நம்பலாம், ஒரு இடத்தில் மட்டும் தோல் கிருமி வந்தால் தோலிலிருந்து வந்ததாகவே இருக்கும். ரத்தம் குறைந்தால் உண்மையான கிருமி தப்பிவிடும், ஒரு மில்லியில் ஒன்றிரண்டு கிருமி இருக்கிற ஆட்களும் உண்டு. நான் பெரியவருக்குப் பாட்டிலுக்கு நாலு மில்லி மட்டும் எடுத்து, இருக்கிற கிருமியைப் பிடிக்கிற வாய்ப்பைக் குறைத்து, இல்லாத கிருமியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் இதைக் கட்டில் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள். "ஏற்கெனவே தெம்பில்லாம கெடக்குறாரு, நீங்க பாட்டில் பாட்டிலா உறிஞ்சுறீங்களே நர்ஸம்மா" என்று ஒரு பாட்டி என் கையைப் பிடித்துவிட்டார். நான் சொல்வது இதுதான்: "மொத்தமா டீ கிளாஸ்ல பாதி வராதும்மா. இதை இன்னிக்கு சரியா எடுத்தா, நாளைக்கு மறுபடி குத்த மாட்டேன்." முதல் வாக்கியத்தை யாரும் நம்புவதில்லை, இரண்டாவதை நம்புவார்கள்.

லேப் அண்ணன் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். ஊசி உள்ளே போகும்போது தோலில் ஒரு துணுக்கை வெட்டிக்கொண்டுதான் போகும். மயிர்க்கால் ஆழத்தில் இருக்கிற கிருமிக்கு நம் மருந்து எட்டாது. அது முதலில் வருகிற ரத்தத்தோடு வரும். அந்த முதல் ஒன்றிரண்டு மில்லியைத் தனியாக ஒதுக்குவதற்கென்றே வெளிநாட்டில் கருவி விற்கிறார்கள். நமக்கு அந்த விலை கட்டாது. நாங்கள் பட்டர்ஃப்ளை ஊசியில் முதல் சிரிஞ்சில் வருவதை மற்ற டெஸ்டுக்கு வைத்துக்கொண்டு, புது ஸ்டெரைல் சிரிஞ்ச் மாற்றிக் கல்ச்சருக்கு இழுக்கிறோம். மாற்றுகிற இடத்தில் கை படாமல் இருக்க வேண்டும், அதற்கு ஒரு வாரம் பழகினோம்.

டப்பா இப்படித்தான் வந்தது. துடைப்பான் உறை, ஸ்டெரைல் கிளவுஸ், பட்டர்ஃப்ளை, சிரிஞ்ச், பாட்டில், லேபிள் எல்லாம் ஒரே இடத்தில். அவசரத்தில் ஒரு சாமான் கையில் கிடைக்காவிட்டால் மனுஷன் அது இல்லாமலே செய்துவிடுவான். சோம்பேறித்தனம் இல்லை அது. ஒரு கட்டிலில் ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது ஸ்டோர் ரூம் சாவி தேடுகிறவள் நல்ல நர்ஸ் என்று சொல்ல மாட்டேன். இப்படி வெளிக்கிருமி கலந்தது நூறு கல்ச்சரில் 3-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க வெகுநாளாகச் சொல்கிற அளவு. அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. என்ற தர அமைப்பு 2022-ல், எல்லாம் முறையாகச் செய்தால் 1-க்கு இறக்கலாம் என்றது. லேப் அண்ணன் மாதா மாதம் எங்கள் எண்ணிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார். யார் எடுத்தது என்ற பெயர் இருக்காது, ஷிஃப்ட் மட்டும். கிருமி கலந்ததற்குச் சிவப்பு. நைட் ஷிஃப்ட்டில் சிவப்பு இல்லாமல் ஒரு மாதம் போனபோது எல்லோருக்கும் போண்டா வாங்கினேன். அடுத்த மாதமே சிவப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்த பையன், வென்ஃப்ளானில் எடுத்திருக்கிறான். ஏன்டா என்றால், "பாவமா இருந்துச்சுக்கா" என்கிறான். என்னால் திட்ட முடியவில்லை.

அந்தப் பெரியவரின் மகன் போன மாசம் கையில் அரிவாள் பட்டுத் தையலுக்கு வந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "அப்பா நல்லா இருக்காரு சிஸ்டர், மறுபடி ஆட்டுக்குப் போறாரு. நீங்கதான் அன்னிக்கு அந்த நேரத்துல பார்த்தீங்க" என்றார். கம்மல் மீட்டாயிற்றா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. நடந்ததைச் சொல்லவும் இல்லை. "புதர்ல உட்கார வேணாம்னு சொல்லுங்க, வீட்டுக்கு வந்ததும் துணியை மாத்திக் குளிக்கச் சொல்லுங்க" என்றேன். டி.டி. என்கிற டெட்டனஸ் ஊசி போட்டு அனுப்பினேன்.

இன்றைக்கு நைட் டியூட்டி. நேற்று காலை கிளம்பும்போது எண்ணினேன், டப்பா நாலுதான் இருந்தது. ஒன்றிலிருந்து யாரோ கிளவுஸை மட்டும் உருவியிருக்கிறார்கள். காரிமங்கலத்தில் ஏழு இருபது பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டுக்கு மேல், போய் அதை நிரப்ப வேண்டும்.